இருபது பேருக்குக் காய்கறித் தட்டு: டிப் நீர்த்துப் போகாமல், கேரட் வெளுக்காமல்

கேள்வி: கிறிஸ்துமஸ் அன்று மதியச் சாப்பாட்டுக்கு இருபது பேர் வருகிறார்கள். இலை போடும் முன் கொறிக்கப் பெரிய தட்டில் பச்சைக் காய்கறிகளும் டிப்பும் வைக்க ஆசை. போன முறை வைத்தபோது அரை மணி நேரத்தில் டிப் தண்ணீராகிவிட்டது, கேரட் வெளுத்து வறண்டது, பாதி அப்படியே மிஞ்சியது. சென்னையில் கிடைக்கும் பொருள்களை வைத்து எப்படிச் செய்வது?

முதல் இரண்டும் ஒரே கோளாறுதான். காய்க்குள் நிற்க வேண்டிய தண்ணீர் வெளியே போய்விட்டது. டிப்பில் இருக்கக் கூடாத தண்ணீர் வடியாமல் தங்கிவிட்டது. இந்தத் தட்டில் சமையல் என்று பெரிதாக எதுவும் இல்லை. தண்ணீரை எங்கே நிறுத்துவது, எங்கே வடிப்பது என்பதுதான் மொத்த வேலையும். மூன்றாவது கோளாறு வேறு வகை, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அளவு. பின்னால் பிரியாணியோ சாப்பாடோ இருக்கிறது என்றால் ஆளுக்கு 100 கிராம் நறுக்கிய காய், 50 முதல் 60 கிராம் டிப் போதும். கேக், கல்கல், அச்சு முறுக்கு எல்லாம் ஏற்கெனவே மேஜையில் இருக்கும் நாள் அது. இருபது பேருக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் நறுக்கிய காயும், ஒன்றே கால் கிலோ டிப்பும் கணக்கு. தோல், காம்பு, விதை போக அவ்வளவு நிற்க வேண்டுமானால் மூன்று கிலோ வாங்க வேண்டும்: ஊட்டி கேரட் அரை கிலோ, நூக்கல் அரை கிலோ, பிராக்கோலி இரண்டு பூ, வெள்ளரி அரை கிலோ, சிவப்பும் மஞ்சளுமாகக் குடைமிளகாய் 400 கிராம், பீன்ஸ் 200 கிராம், செர்ரி தக்காளி 250 கிராம். பிராக்கோலி விலை எகிறியிருந்தால் ஒன்றைக் குறைத்துக் காலிஃபிளவர் சேர்த்துக்கொள்ளலாம்.

பட்டியலில் நூக்கலைப் பார்த்து யோசிக்க வேண்டாம். சாம்பாருக்கும் கூட்டுக்கும் மட்டும் வாங்கிப் பழகிய காய் அது. தோலையும் அதற்கடியில் இருக்கும் நார்ப்படலத்தையும் ஆழமாகச் சீவிவிட்டு நறுக்கினால் மொறுமொறுப்பும் மெல்லிய இனிப்புமாக இருக்கும், மணிக்கணக்கில் வெளியே இருந்தாலும் வாடாது. டிப்புக்கு இதைவிடத் தோதான காய் சென்னைச் சந்தையில் இல்லை என்பது என் கட்சி. டென்னிஸ் பந்தைவிடப் பெரிதாக இருந்தால் உள்ளே நார் விழுந்திருக்கும், சிறியதாகப் பொறுக்குங்கள். வெள்ளை முள்ளங்கியை நான் சேர்ப்பதில்லை. நறுக்கி டப்பாவில் வைத்தால் ஃப்ரிட்ஜ் முழுக்க அதன் வாடைதான். பீட்ரூட்டும் வேண்டாம், தொட்ட இடமெல்லாம் சிவந்து, வெள்ளை டிப் பத்து நிமிடத்தில் ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்துவிடும்.

டிசம்பரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடங்களில் கொத்தமல்லி, புதினா எல்லாம் ஈரத்தோடு கட்டுக்கட்டாக வந்து நடுவில் அழுகியிருக்கும். கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். நாட்டுத் தக்காளியில் சாறு அதிகம், தட்டுக்குச் சரிப்படாது. செர்ரி தக்காளி கிடைக்காவிட்டால் கெட்டியான பெங்களூர் தக்காளியை ஆறாகக் கீறி, விதையையும் சாற்றையும் வழித்துவிட்டு வையுங்கள்.

இனி டிப். இரண்டு வகை போதும். நான்கு கிண்ணம் வைத்தால் நான்கும் பாதியில் நிற்கும். ஒன்று தயிரில், மற்றொன்று கொண்டைக்கடலையில் என்று வைத்துக்கொண்டால் பால் சேர்க்காதவர்களுக்கும் ஒன்று இருக்கும்.

மயோனைஸில் டிப் செய்ய நினைத்திருந்தால் ஒரு விஷயம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகளால் உணவு நஞ்சாகும் அபாயமே காரணம். தடை கடைகளுக்கானது என்றாலும், காரணம் வீட்டு மேஜைக்கும் பொருந்தும். குழந்தைகளும் பெரியவர்களும் சாப்பிட, இரண்டு மணி நேரம் வெளியே இருக்கப்போகும் கிண்ணத்துக்குப் பச்சை முட்டை வேண்டாம். அந்த வழவழப்புக்குத் தொங்கவிட்ட தயிரே போதும்.

தயிர் டிப்புக்கு ஒன்றரை லிட்டர் கெட்டித் தயிர் எடுங்கள். அரை லிட்டர் பாக்கெட் மூன்று. வீட்டில் உறை ஊற்றுவதானால் 6 சதம் கொழுப்புள்ள ஃபுல் கிரீம் பாலில் ஊற்றுங்கள், புளிப்பு ஏறுவதற்கு முன் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிடும் பழைய முறை நம் ஊர் வெப்பத்தில் தயிரைப் புளிக்க வைத்துவிடும். பெரிய வடிகட்டியின் மேல் இரண்டாக மடித்த மெல்லிய பருத்தித் துணியை விரித்து, அடியில் ஆழமான பாத்திரம் வைத்து, தயிரை ஊற்றித் துணியை மேலே மடித்து மூடி, அப்படியே ஃப்ரிட்ஜில் எட்டு மணி நேரம் விடுங்கள். வடிந்த நீர் வடிகட்டியின் அடியைத் தொடக் கூடாது. தொட்டால் அதற்குமேல் வடியாது. பாத்திரம் ஆழமாக இருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான். மறுநாள் 600 முதல் 650 கிராம் வரை கெட்டித் தயிர் நிற்கும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழக் கூடாது, அதுதான் பதம்.

பூண்டு மூன்று பல்லைத் துருவி ஒரு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பூண்டின் காட்டத்தை உண்டாக்கும் நொதி புளிப்பில் அடங்கும், மணம் மட்டும் நிற்கும். இதைச் செய்யாமல் நேரே துருவிப் போட்டு ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் டிப் நாக்கைப் பிடிக்கும். ஊறிய பூண்டு, இரண்டு மேஜைக்கரண்டி ஃப்ரெஷ் கிரீம் அல்லது ஆலிவ் எண்ணெய், ஒரு தேக்கரண்டி கரகரப்பாகப் பொடித்த மிளகு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் மூன்று மேஜைக்கரண்டி, கழுவி முழுக்க ஈரம் போக உலர்த்திய புதினா ஒரு மேஜைக்கரண்டி. எல்லாவற்றையும் கரண்டியால் கலக்குங்கள். மிக்ஸி வேண்டாம், கெட்டித் தயிரை மிக்ஸியில் அடித்தால் கட்டு விட்டுத் தளர்ந்துவிடும். உப்பு முக்கால் தேக்கரண்டி, அதுவும் பரிமாறுவதற்கு அரை மணி முன்புதான். உப்பு பட்டதும் வெங்காயத்தாளும் புதினாவும் நீர் விடும். போன முறை உங்கள் டிப் கெட்டதற்கு வடியாத தயிரோடு முன்கூட்டிப் போட்ட உப்பும் காரணமாக இருந்திருக்கலாம். வெள்ளரியைத் துருவிச் சேர்த்திருந்தால் சந்தேகமே வேண்டாம். துருவலில் உப்புப் பிசறிக் கால் மணி வைத்து, கையால் இறுக்கிப் பிழிந்த பிறகே அது டிப்புக்குள் போகலாம்.

நம் ஊர்ச் சுவை வேண்டுமானால் மோர் மிளகாய் நான்கை வறுத்து, கையால் நொறுக்கி, பரிமாறும் நேரத்தில் மேலே தூவுங்கள். அதிலேயே உப்பு இருப்பதால் டிப்பின் உப்பை அரைத் தேக்கரண்டியாகக் குறைக்க வேண்டும். கடுகு, கறிவேப்பிலை தாளிக்கச் சிலருக்குக் கை பரபரக்கும். தாளித்தால் அது தயிர்ப் பச்சடி, காயைத் தொட்டுச் சாப்பிடத் தோன்றாது.

கொண்டைக்கடலை டிப்புக்கு 200 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை அரைத் தேக்கரண்டி சமையல் சோடா போட்டுப் பத்து மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஏழெட்டு விசில். சுண்டலுக்கு வேகும் பதம் இதற்குப் போதாது. இரண்டு விரலால் லேசாக அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும்; வேகாத கடலையை எவ்வளவு அரைத்தாலும் திப்பி திப்பியாகத்தான் இருக்கும். தோல் நீக்கிய வெள்ளை எள் 60 கிராமை மிகக் குறைந்த தீயில் வறுத்து, நிறம் மாறத் தொடங்கும் முன்பே இறக்குங்கள். சிவந்தால் கசக்கும், அந்தக் கசப்பை எலுமிச்சை மறைக்காது. ஆறிய எள்ளை மிக்ஸியின் சிறிய ஜாரில் முதலில் தனியாகப் பொடித்து, இரண்டு மேஜைக்கரண்டி எண்ணெய் விட்டு விழுதாக்குங்கள். பிறகு பெரிய ஜாரில் கடலை, எள் விழுது, பூண்டு இரண்டு பல், இரண்டு எலுமிச்சையின் சாறு, முக்கால் தேக்கரண்டி உப்பு, ஐஸ் கட்டி நான்கு. ஐஸ் ஏன் என்றால், நம் மிக்ஸி இரண்டு நிமிடத்தில் சூடேறும். அந்தச் சூட்டில் விழுது கனத்து ஒட்டும். குளிர்ச்சியாக அரைத்தால் வெளுத்து, பஞ்சாக வரும். விட்டு விட்டு, மொத்தம் நான்கு நிமிடம் அரையுங்கள். செக்கு நல்லெண்ணெயை அரைக்கும்போது ஊற்றினால் எள்ளுருண்டை வாசனை மற்றதை அமுக்கிவிடும். பரிமாறும்போது மேலே ஒரு தேக்கரண்டி சுற்றி ஊற்றுவது அழகாகவும் இருக்கும், சுவையும் கூடும். இதில் 650 கிராம் கிடைக்கும். மறுநாள் இறுகியிருந்தால் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்கினால் சரியாகும்.

காய் நறுக்குவதற்கு முன் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. பச்சையாகச் சாப்பிடப்போகும் காய்க்கு லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ முதல் இரண்டு அலசலுக்கு ஆகும். கடைசி அலசல், ஊறவைப்பது, ஐஸ், மூன்றுக்கும் குடிக்கிற தண்ணீர்தான்.

நீளம் எட்டு சென்டிமீட்டர், தடிமன் ஒரு சென்டிமீட்டர். இதைவிட மெலிந்தால் கெட்டி டிப்பில் முறியும், தடித்தால் பெரியவர்களால் கடிக்க முடியாது. கேரட்டும் நூக்கலும் முந்தின நாள் இரவே நறுக்கி, முழுகும் அளவு குளிர்ந்த தண்ணீரில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். கேரட் வெளுப்பது சீவிய மேற்பரப்பு காய்வதால் வருவது. தண்ணீருக்குள் இருக்கும்வரை வெளுக்காது, இழந்த நீரையும் உறிஞ்சி விறைப்பாக நிற்கும். ஒரு ராத்திரிதான், இரண்டு நாள் ஊறினால் இனிப்பெல்லாம் தண்ணீருக்குப் போய்விடும். குடைமிளகாயை ஊறவைக்காதீர்கள். வெட்டிய ஓரம் கொழகொழத்துவிடும். டிஷ்யூ விரித்த டப்பாவில் உலர்வாக வையுங்கள். வெள்ளரியை அன்று காலைதான் தொட வேண்டும். இரு முனையையும் வெட்டிக் கசப்பு பார்த்து, நீளவாக்கில் பிளந்து, நடுவிலுள்ள விதைப் பகுதியைத் தேக்கரண்டியால் வழித்தெடுங்கள். தட்டில் குளம் கட்டும் தண்ணீரில் பெரும்பங்கு அந்த விதைப்பகுதியிலிருந்து வருவது.

பீன்ஸ், பிராக்கோலி, காலிஃபிளவர் மூன்றையும் வெந்நீரில் காட்டியே வைக்க வேண்டும். பச்சை பீன்ஸ் வயிற்றைப் புரட்டக் கூடியது, அதில் சமரசம் வேண்டாம். மூன்று லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒன்றரை மேஜைக்கரண்டி உப்புப் போடுங்கள். பிராக்கோலிக்கு ஒரு நிமிடம், காலிஃபிளவருக்கு இரண்டு, பீன்ஸுக்கு மூன்று. மூடி போடக் கூடாது. காயிலிருந்து எழும் அமிலம் ஆவியோடு போகாமல் திரும்ப விழுந்தால் பச்சை நிறம் மங்கி, பழைய பொரியல் நிறத்துக்கு வந்துவிடும். எடுத்தவுடன் ஐஸ் தண்ணீரில் கொட்டி, முழுக்கக் குளிர்ந்ததும் வடித்துவிடுங்கள். காலிஃபிளவரைப் பூப்பூவாகப் பிரித்து உப்புத் தண்ணீரில் இருபது நிமிடம் போட்டால் புழு இருந்தால் வெளியே வந்துவிடும். வழக்கம்போல் மஞ்சள்தூள் போட்டால் பூவெல்லாம் மஞ்சளடித்துவிடும், இந்தத் தட்டுக்கு வெறும் உப்பு போதும்.

அடுத்த வேலையைத்தான் நிறையப் பேர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்: துடைப்பது. பிராக்கோலிப் பூவுக்குள் தங்கும் தண்ணீர் அப்படியே டிப்பில் இறங்கும். பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து விரித்து, பூவைத் தலைகீழாகக் கவிழ்த்து அரை மணி விடுங்கள். கேரட்டையும் நூக்கலையும் வடித்து, துணியில் உருட்டித் துடைத்த பிறகே தட்டுக்கு எடுக்க வேண்டும்.

தட்டுக்குப் பதினாறு அங்குல எவர்சில்வர் தாம்பாளம் சரியான அளவு. ஈயம் பூசாத பித்தளைத் தாம்பாளம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தயிரும் எலுமிச்சையும் அதில் படக் கூடாது. வாழையிலையைத் துடைத்து அடுப்பின் மேல் லேசாக வாட்டிவிட்டு வெட்டினால் கிழியாமல் வளையும். கிறிஸ்துமஸ் வளையம் வேண்டுமானால் நடுவில் டிப் கிண்ணம், சுற்றிலும் நான்கு விரல் அகலத்துக்கு நெருக்கமாகப் பிராக்கோலி, இடையிடையே செர்ரி தக்காளி, மேலே நட்சத்திரமாக வெட்டிய மஞ்சள் குடைமிளகாய். இந்த வளையத்துக்கே இரண்டு பூவும் போய்விடும். கேரட், நூக்கல், வெள்ளரியை இரண்டாவது தட்டில் கட்டுக்கட்டாக அடுக்கிக் கொண்டைக்கடலை டிப்போடு வையுங்கள். இதே முறையைப் பொங்கலுக்கும் எடுத்துக்கொள்ளலாம்: மஞ்சள் குடைமிளகாயையும் கேரட்டையும் சூரியக் கதிராக விரித்து, கூடவே வேகவைத்த பனங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும். நார் உரித்துத் துண்டாக்கிய பனங்கிழங்கு, மிளகு போட்ட தயிர் டிப்போடு அவ்வளவு பொருத்தம். மாங்காய் இஞ்சி கிடைத்தால் ஒரு துண்டைத் துருவித் தயிரில் சேர்த்துப் பாருங்கள்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த காய் நம் ஊர்க் காற்றில் வியர்க்கும். அதனால் டப்பாக்களைக் கால் மணி முன்னதாக வெளியே எடுத்து, மூடியைத் திறக்காமல் வைத்து, பிறகு திறந்து அடுக்குங்கள். தட்டு மேஜைக்கு வந்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு. வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால், ஒரு மணி நேரம்தான். டிப் கிண்ணத்தை ஐஸ் நிரப்பிய பெரிய கிண்ணத்துக்குள் உட்காரவைக்கலாம். அதைவிட நல்லது, டிப்பில் பாதியை மட்டும் வெளியே வைத்து, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்துப் பிறகு புதுக் கிண்ணத்தில் மாற்றுவது. பழைய கிண்ணத்திலேயே புதியதை ஊற்றக் கூடாது.

தொட்டுக்கொள்ள மொறுமொறுப்பாக ஏதாவது வேண்டுமானால் தட்டை நன்றாக இருக்கும். அப்பளத்தைப் பொரித்துக் காய்களோடு ஒரே தட்டில் வைத்தால் பத்து நிமிடத்தில் நமத்துவிடும்; எதுவானாலும் தனிக் கிண்ணத்தில், கடைசி நிமிடத்தில்.

இப்போது மிஞ்சிய கதை. நம் வீடுகளில் பெரியவர்கள் பொதுக் கிண்ணத்தில் கை வைக்கத் தயங்குவது காய் பிடிக்காததால் அல்ல, எச்சில் பார்ப்பதால். ஒருவர் கடித்த கேரட்டை மறுபடி முக்குவதைப் பார்த்துவிட்டால் அந்தக் கிண்ணம் அவ்வளவுதான். இதற்கு எளிய வழி: சின்ன டம்ளர் இருபது எடுத்து, அடியில் இரண்டு மேஜைக்கரண்டி டிப், அதில் கேரட், நூக்கல், வெள்ளரி, பீன்ஸ், குடைமிளகாய் என்று ஐந்தாறு துண்டை நிறுத்திக் கையில் கொடுத்துவிடுங்கள். நடுத்தட்டு அழகுக்கும் இரண்டாம் முறை எடுப்பவர்களுக்கும் இருக்கட்டும், அதன் கிண்ணத்தில் ஒரு கரண்டியும் பக்கத்தில் சின்னத் தட்டுகளும் கட்டாயம். குழந்தைகளுக்கு டம்ளரில் செர்ரி தக்காளியை முழுதாகப் போடாதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள், தொண்டையில் அடைக்கும் அளவு அது.

இவ்வளவுக்கும் பிறகு கடைசி நேரத்தில் தயிர் டிப் நெகிழ்ந்துவிட்டால் பதற வேண்டாம். பொட்டுக்கடலையை நைசாகப் பொடித்துச் சலித்து ஒரு மேஜைக்கரண்டி கலந்து பத்து நிமிடம் விடுங்கள், தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே வறுபட்ட பருப்பு என்பதால் பச்சை வாசனை வராது. சோள மாவை அப்படியே கலந்தால் மாவு நாக்கில் நிற்கும். இரண்டு கரண்டிக்கு மேல் பொட்டுக்கடலை போனால் சட்னி ஆகிவிடும், அப்போது 100 கிராம் பனீரை அரைத்துச் சேர்ப்பது நல்லது. புளிப்பு தூக்கலாக இருந்தால் கிரீம் ஒரு கரண்டி, சர்க்கரை ஒரு சிட்டிகை. பால் ஊற்றினால் மறுபடி நீர்த்துவிடும்.

தயிரிலிருந்து வடிந்த நீர் முக்கால் லிட்டருக்கு மேல் சேர்ந்திருக்கும். சப்பாத்தி மாவு பிசைய, மறுநாள் மோர்க்குழம்புக்கு ஊற்ற என்று இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். தட்டுக்கு வராமல் ஃப்ரிட்ஜிலேயே நின்ற காயையும் பிராக்கோலித் தண்டையும் குருமாவில் போடலாம். வெளியே வைத்த டிப் எவ்வளவு மிஞ்சினாலும் கொட்டிவிடுங்கள்.